ஒரு விடுதிப் பதிவேடு, ஒரு நிருபர்

அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களைத் தேடித் தேடிக் குற்றம்சாட்டிய கம்யூனிஸ்ட் வேட்டை என்றாலே செனட்டர் மெக்கார்த்தி பெயர்தான் வரும். இன்றைக்கு அவரை விட்டுவிடலாம். அவர் கிளம்புவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1948-ல், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆல்பர்ட் கான்வெல் தலைமையில் ஒரு சட்டமன்றக் குழு இதே வேலையில் இறங்கியிருந்தது. தலைநகர் வாஷிங்டன் இல்லை, சியாட்டில் இருக்கிற மாநிலம். நானே முதலில் குழம்பினேன்.

அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெல்வின் ரேடர் என்று ஒரு தத்துவப் பேராசிரியர். ஜார்ஜ் ஹெவிட் என்ற முன்னாள் கம்யூனிஸ்ட் குழு முன்னால் சத்தியம் செய்து சாட்சி சொல்கிறார்: 1938 கோடையில், நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டன் பக்கம் கட்சி நடத்திய ரகசியப் பள்ளிக்கு ரேடர் வந்தாராம். ரேடரோ, "அந்தக் கோடையில் நான் இந்த ஊர் மலைப்பக்கம், கேன்யன் கிரீக் விடுதியில் இருந்தேன்" என்கிறார். சரி, பத்து வருடம் முன்னால் போன விடுமுறைக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? போன வருடம் இதே நாளில் எங்கே இருந்தேன் என்று கேட்டால், எனக்கு போனைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

சியாட்டில் டைம்ஸ் நிருபர் எட் கத்மன் அந்த விடுதியின் பதிவேட்டைத் தேடிப் போனார். அது அங்கே இல்லை. குழுவின் ஆட்களே ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்! இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேடரைக் காப்பாற்றக்கூடிய தாள், குற்றம் சாட்டியவர்கள் கையில்.

கத்மன் விடவில்லை. மாதக்கணக்கில் அலைந்து, தேதி தேதியாகச் சரிபார்த்தார். அதை வைத்து 1949 அக்டோபரில் பல்கலைக்கழகத் தலைவர் ரேமண்ட் ஆலன், ரேடர் மீது குற்றமில்லை என்று அறிவித்தார். 1950-ல் கத்மனுக்கு, அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு.

அவர் ஒருவரே வேட்டையை நிறுத்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். கான்வெல் 1948 நவம்பர் தேர்தலிலேயே தோற்றுவிட்டார். ஆனால் குழுவின் சாட்சி என்றால் என்ன லட்சணம் என்று ஊருக்குக் காட்டியது கத்மன்தான். அதற்குள் குழுவின் விசாரணையைத் தொடர்ந்து அதே பல்கலைக்கழகத்தில் மூன்று பேராசிரியர்களின் வேலை போயிருந்தது. அது திரும்பக் கிடைக்கவில்லை.

ஹெவிட் என்ன ஆனார்? பொய்ச்சாட்சி வழக்கு போட்டார்கள். அவரை வழக்குக்காக வாஷிங்டன் மாநிலத்துக்கு அனுப்ப முடியாது என்று நியூயார்க் நீதிபதி ஒருவர் சொல்லிவிட்டார். அந்த வழக்குக்காக அவர் சியாட்டில் நீதிமன்றப் படி ஏறவே இல்லை.