நாற்பது மெகாவாட் மின்சாரமும் நமது மலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

2024 நவம்பர் 15 அன்று நேபாளத்தின் நீர்மின்சாரம் இந்திய மின்கம்பிகள் வழியாக முதன்முறையாக வங்கதேசத்தைச் சென்றடைந்தது. அதன் அளவு 40 மெகாவாட். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய அலகு ஒன்றின் திறனே 210 மெகாவாட் என்பதை அறிந்த சேலத்து மக்களுக்கு இது மிகச் சிறிய அளவாகத் தோன்றும். ஆயினும், பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளத் தெற்காசிய நாடுகள் அண்மையில் எடுத்த முயற்சிகளுள் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் பொது எல்லை கிடையாது. இடையில் இந்திய மண் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயத்து ஆறுகள் பெருகும்போது நேபாளத்துக்குத் தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் கிடைக்கிறது. அதே மாதங்களில் புழுக்கத்தில் தவிக்கும் வங்கதேசம், பெரும்பாலும் எரிவாயுவையும் இறக்குமதி எரிபொருளையும் எரித்தே தன் தேவையைச் சமாளிக்கிறது. குளிர்காலத்தில் ஆறுகள் மெலிந்ததும் நேபாளமே இந்தியாவிடம் மின்சாரம் வாங்குகிறது. 2024 அக்டோபரில் காட்மாண்டுவில் மூன்று நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை இந்த விற்பனைக்கு இடமளிக்கிறது. விற்பவருக்கு வருமானம் வருகிறது. வாங்குபவர் அந்த அளவுக்குக் குறைவாகப் புகை கக்குகிறார். பூடான் இந்த வழியில் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. நாட்டின் நிலப்பரப்பில் 60 விழுக்காடாவது என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்துக்கொண்ட அந்தச் சிறிய நாடு, இந்தியாவுக்கு விற்கும் நீர்மின்சாரத்தைத் தன் பொருளாதாரத்தின் முதுகெலும்பாக வைத்திருக்கிறது.

ஆனால் வருமானம் தரும் அதே ஆறுகள் ஆபத்தையும் கொண்டு வருகின்றன. 2023 அக்டோபர் தொடக்கத்தில் சிக்கிமில் பனிப்பாறை ஏரி ஒன்று உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம், தீஸ்தா ஆற்றின் குறுக்கே 1,200 மெகாவாட் மின்நிலையத்துக்காகக் கட்டப்பட்ட அணையையே அடித்துச் சென்றது. அந்த ஆறு பின்னர் வங்கதேசத்துக்குள் பாய்கிறது. ஆகவே மின்சாரத்தைப் பகிரும் நாடுகள் ஏரிகளின் நிலவரத்தையும் மழை அளவையும் உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

எச்சரிக்கையைப் பொறுத்தவரை நாம் அனைவரும் வங்கதேசத்திடம் பாடம் கேட்கலாம். 1970 நவம்பரில் வீசிய போலா புயலில் அங்கு 3 லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். 2007இல் வந்த சிதர் புயலும் மிகக் கடுமையானதே. ஆனால் உயிரிழப்பு சில ஆயிரங்களோடு நின்றது. இடைப்பட்ட காலத்தில் அந்நாடு ஊர்தோறும் தொண்டர்களைப் பழக்கியது, ஒலிபெருக்கியோடு வீடு வீடாகச் சென்று சொல்ல வைத்தது, கடலோரம் முழுவதும் புயல் பாதுகாப்பு இல்லங்களைக் கட்டியது. செய்தி வந்தவுடன் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது என்பதே இதில் முக்கியம். இலங்கையின் பதுளை மாவட்டத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று நடந்ததை நினைத்தால் இது விளங்கும். மலை சரிந்து, நம் மொழி பேசும் தோட்டத் தொழிலாளர்கள் வசித்த, லயன் எனப்படும் வரிசை வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. நாட்கூலியை நம்பியிருந்த அந்தக் குடும்பங்களுக்கு மாற்றிடம் அமையாதபோது எச்சரிக்கை மட்டும் என்ன செய்துவிடும்?

இது நமக்கும் தொலைவில் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சேர்வராயன் மலையில் மழை பெய்யும் முறையை நம்பியே காபி விளைகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களின் பூ மழை உரிய நாளில் வராவிட்டால் அரபிகா வகைக் காபியின் மொட்டு விரியாது. வெயில் கூடி நிழல் குறைந்த தோட்டங்களில் தண்டு துளைப்பான் புழு பெருகும். எனவே சில்வர் ஓக்கை மட்டும் நட்டு அதில் மிளகு ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், பலா, அத்தி போன்ற பல வகை நிழல் மரங்களையும் தோட்டத்தில் காப்பது செடிக்கும் நல்லது, மலைச்சரிவின் மண்ணுக்கும் நல்லது.

மலையடிவாரத்துக்கு வருவோம். மரவள்ளிக்கிழங்கை அரைக்கும் நம் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் திறந்த குட்டைகளில் புளித்துக் கிடந்தால் மீத்தேன் வெளியேறி வளிமண்டலத்தைச் சூடாக்கும். அதையே மூடிய கலன்களில் புளிக்க வைத்து, வரும் எரிவாயுவை ஆலைக்கே பயன்படுத்தும் முறை இங்கு ஏற்கெனவே சில இடங்களில் வந்துவிட்டது. மற்ற ஆலைகளுக்கும் அது பரவ வேண்டும். சேலம் உருக்காலையின் நிலை வேறு. பழைய இரும்பையும் உலோகக் கலவைகளையும் மின் உலையில் உருக்கும்போது, எஃகு தயாரிப்பால் எவ்வளவு கரிமம் வெளியேறுகிறது என்பது பெருமளவு மின்சாரத்தின் தூய்மையைச் சார்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி எஃகின் கரிம அளவுக்கு விலை வைக்கும் முறையை 2026 ஜனவரியில் முழுமையாகத் தொடங்கியிருக்கிறது; இப்போதைக்கு அது எஃகு தயாரிப்பின் நேரடி உமிழ்வை மட்டுமே கணக்கில் எடுக்கிறது என்றாலும், மின்சாரத்தின் உமிழ்வும் சேர்க்கப்பட்டால் நிலக்கரி மின்சாரம் ஏற்றுமதியாளரின் கணக்கிலும் சுமையாக ஏறும்.

தமிழ்நாட்டுக்கு மிக அருகில் உள்ள அண்டை நாடான இலங்கையோடு நமக்கு இன்றுவரை மின் இணைப்பு இல்லை. 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறையில் ஒரு துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு தீவு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. கைகொடுக்க வெளியே எந்தக் கம்பியும் இருக்கவில்லை. இரு கரைகளிலும் ஒரே பருவத்தில் காற்று வீசுவதால், நேபாளம், வங்கதேசம் போல இங்கே உபரியும் பற்றாக்குறையும் எளிதாகப் பொருந்திவிடாது என்பது உண்மைதான். எனினும் பாக் நீரிணையைக் கடக்கும் ஒரு மின்கம்பி, சூரிய மின்சாரத்தைப் பெருக்கிவரும் இரு பக்கத்துக்கும் அவசர காலத் துணையாக அமையும். பல ஆண்டுகளாகப் பேச்சளவிலேயே இருக்கும் இத்திட்டம் டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையிலான பேச்சோடு நின்றுவிடாமல், தமிழ்நாட்டின் தொழில் அமைப்புகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் வெளிப்படையாகக் கேட்கும் கோரிக்கையாக மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நன்றி, வணக்கம்.