கைப்பர் கண்டதும் காணாததும்

அவைத்தலைவர் அவர்களே, இயற்பியல் துறைப் பேராசிரியர்களே, கடைசி வரிசையைக் கைப்பற்றியிருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம்.

கோள்களைப் பற்றிப் பேச ஒருவர் வருகிறார் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டுக் காவலாளி என்னிடம், "சார், சனிப்பெயர்ச்சி எப்போது?" என்று கேட்டார். "எனக்குச் சனியைவிட அதன் நிலவைத்தான் கொஞ்சம் தெரியும்" என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் அந்த நிலவிலிருந்தே தொடங்குகிறேன்.

வானியலாளர் ஜெரார்டு கைப்பர் 1905-ல் நெதர்லாந்தில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். மற்றவர்கள் கண்ணுக்குத் தட்டுப்படாத மங்கலான விண்மீன்களையும் வெறுங்கண்ணால் பார்ப்பார் என்பார்கள். லைடனில் முனைவர் பட்டம் வாங்கியது இரட்டை விண்மீன்களில். பிறகு அமெரிக்கா போனார். அன்றைக்கு வானியலாளர்களிடையே கோள்களுக்கு மரியாதை கிடையாது. செவ்வாயில் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள் என்று கிளம்பிய ஆரவாரம் அந்தத் துறையின் மானத்தை வாங்கியிருந்தது. பெரிய தொலைநோக்கிகளின் இரவுகளெல்லாம் விண்மீன்களுக்கும் அண்டங்களுக்கும்தான்.

1943-44 குளிர்காலத்தில், போர்க்கால ஆய்வுப் பணியிலிருந்து சில நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டெக்சாஸின் மெக்டொனால்ட் வானாய்வகத்துக்குப் போனார். அங்கிருந்த 82 அங்குலத் தொலைநோக்கியால் பெரிய துணைக்கோள்களின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, பதிவு செய்தார். நான் சொன்ன சனியின் நிலவான டைட்டனின் நிறமாலையில் மீத்தேன் வாயுவின் தடம் இருந்தது. ஒரு நிலவுக்கு வளிமண்டலம் உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. விடுப்பை இப்படியும் செலவழிக்கலாம்!

யுரேனஸின் மிராண்டா 1948-ல், நெப்டியூனின் நெரீட் 1949-ல் என்று மேலும் இரண்டு நிலவுகளையும் கண்டுபிடித்தார். இவற்றை எந்தப் பொது அறிவு நூலிலும் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது ஆசிரியர் கைப்பரைப் பற்றி.

1960-ல் அவர் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நிலவு, கோள் ஆய்வகத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டுதான் அவரிடம் பயின்ற கார்ல் சேகன் சிகாகோவில் முனைவரானார். டூசானில் கைப்பரின் குழுவினர் செய்த ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிலவு நமக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். விளிம்பில் இருக்கும் பள்ளங்களைச் சாய்வாகத்தான் பார்க்க முடியும்; வட்டமெல்லாம் நசுங்கிய கோடாகத் தெரியும். இதைச் சரிசெய்ய ஒரு பெரிய வெள்ளைக் கோளத்தைச் செய்து, அதன்மேல் நிலவின் படத்தை ஒளியாகப் பாய்ச்சினார்கள். பிறகு பக்கவாட்டில் போய் நின்று அந்தக் கோளத்தைப் படமெடுத்தார்கள். பூமியை விட்டு நகராமலே நிலவைச் சுற்றி வந்ததுபோல!

அந்த வேலையில் இருந்த ஆய்வு மாணவர் வில்லியம் ஹார்ட்மன் பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரிந்தன. குளத்தில் கல் எறிந்ததும் எழும் அலை அப்படியே உறைந்து நின்றது போன்ற வடிவம். குறுக்களவு சுமார் 930 கிலோமீட்டர். ஓரியன்டாலே என்னும் பெரும் பள்ளம் அதுதான். (பெயரின் பொருள் 'கிழக்கத்திய', இன்றைய வரைபடத்தில் இருப்பதோ மேற்கு விளிம்பில். திசைக் கணக்கைப் பிற்பாடு மாற்றிவிட்டார்கள்.) தொலைநோக்கி வந்து மூன்றரை நூற்றாண்டு, அத்தனை பேரும் நேர் எதிரே நின்றே பார்த்திருந்தார்கள். 1962-ல் வெளியான கட்டுரையில் முதல் பெயர் மாணவருடையது, இரண்டாவது ஆசிரியருடையது. பேராசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பூமியின்மேல் நடந்த ஒரு பெரும் மோதலில் சிதறியதிலிருந்து நிலவு பிறந்தது என்ற கருத்தை 1975-ல் முன்வைத்த இருவரில் ஒருவரும் இதே ஹார்ட்மன்தான்.

நான் படித்த காலத்தில் செய்முறை வகுப்பில் விடை முன்பே தெரியும். ஊசல் வேறு எண்ணைக் காட்டினால் ஊசலைத் திருத்த மாட்டோம், எண்ணைத் திருத்துவோம். நாற்பது பேருக்கும் ஒரே விடை, நாற்பது பேருக்கும் முழு மதிப்பெண். பக்கவாட்டில் போய் நிற்க எங்களை யாரும் அனுப்பவில்லை.

நெப்டியூனுக்கு அப்பால் சிறு பொருள்கள் சூரியனைச் சுற்றும் பகுதியைக் கைப்பர் பட்டை என்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு வேடிக்கை. நெப்டியூனுக்கு அப்பால் சிறு பொருள்கள் ஒரு காலத்தில் உருவாகியிருக்கும், ஆனால் அவை என்றோ சிதறிப் போயிருக்கும் என்பதுதான் 1951-ல் அவர் சொன்னது. இப்போது அங்கே ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன இடத்துக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது! 1992-ல் அங்கே முதல் பொருளைக் கண்டவர்கள் டேவிட் ஜூவிட், ஜேன் லூ. அவர்களும் ஆசிரியர், மாணவி என்றுதான் அந்தத் தேடலைத் தொடங்கினார்கள். லூ வியட்நாமிலிருந்து சிறுவயதில் அகதியாக வந்தவர். ஐந்து ஆண்டுகள் வெறும் வானத்தைத் தேடியிருக்கிறார்கள். ஆண்டறிக்கையில் எதை எழுதியிருப்பார்களோ!

கைப்பர் 1973-ல் காலமானார். தொலைநோக்கி பொருத்திப் பறந்த நாசாவின் விமானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அதைப் பதிவு செய்ய அந்த விமானம் இந்தியப் பெருங்கடலின் மேலே பறந்தது. அதே வேளையில் நம் ஜவ்வாது மலைக் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். விமானத்தில் கருவியை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார்கள். மறைப்பு தொடங்கும் முன்பே விண்மீன் சட்சட்டென்று மங்கி மீண்டது. மறைப்பு முடிந்த பிறகும் அதே போல மங்கியது. கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் என்றால் அது வளையம். காவலூரிலும் விண்மீன் மங்கியது பதிவாகியிருந்தது. அவர்கள் நேச்சர் இதழுக்கு எழுதிய குறிப்பின் தலைப்பு, 'யுரேனஸின் புதிய துணைக்கோள்'.