ஒரே ஒரு எக்ஸ்டென்ட் பற்றாக்குறை

வணக்கம் மக்களே. வழக்கம்போல கருப்பு டெர்மினல்தான், மவுஸுக்கு இன்றைக்கும் வேலை இல்லை. லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கிற எல்விஎம்மை வைத்துப் பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் புது டிஸ்க்குக்குக் கொண்டுபோய்விட்டேன், சர்வரை நிறுத்தவே இல்லை! அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு எரிச்சலைக் கொட்டியாக வேண்டும்.

ஒத்திகை பார்க்காமல் நிஜ டிஸ்க்கைத் தொடமாட்டேன், அது உங்களுக்கே தெரியும். விர்ச்சுவல் மெஷினில் 20 ஜிபிக்கு ஒரு டிஸ்க் சேர்த்தேன். டிஸ்க்கை எல்விஎம்மிடம் ஒப்படைக்கிற பிவிகிரியேட், சரி. அப்படி ஒப்படைத்த டிஸ்க்குகளை விஜி என்ற தொகுப்பாக்குகிற விஜிகிரியேட், சரி. அந்த விஜியிலிருந்து எல்வி என்ற பகுதியை வெட்டித் தருகிற எல்விகிரியேட்டில் பெரிய எல் போட்டு 20ஜி கேட்டால், இடம் போதாதாம். 5120 எக்ஸ்டென்ட் வேண்டுமாம், 5119தான் இருக்கிறதாம். ஒன்று! ஒரே ஒன்று!

கணக்கைப் பாருங்கள். எல்விஎம் இடத்தை எக்ஸ்டென்ட் என்ற துண்டுகளாகத்தான் கொடுக்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் துண்டு ஒன்று 4 எம்பி. 20 ஜிபிக்குச் சரியாக 5120 துண்டு. ஆனால் டிஸ்க்கின் தொடக்கத்தில் தன்னுடைய மெட்டாடேட்டாவுக்கென்று, அதாவது தன் கணக்குக் குறிப்புகளுக்கென்று, 1 எம்பியை ஒதுக்கிக்கொள்கிறது. மிச்சத்தை வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் 3 எம்பி நிற்கும். முக்கால் துண்டு துண்டாகாது, அதுவும் போச்சு. காரணம் நியாயமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கோபம் விஜிஎஸ் காட்டுகிற பட்டியல் மேல். அதில் 20.00ஜி என்றுதான் இருக்கிறது, முன்னால் மட்டும் பொடியாக ஒரு 'விடக் குறைவு' குறி. இருபதுக்குக் கொஞ்சம் கம்மி என்று அர்த்தமாம். அந்தக் குறியை யார் கவனிக்கிறார்கள்? 19.99 என்று எழுதிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

சரி, விடுகிறேன். இல்லை, இன்னும் ஒன்று. இதற்கு வழி சின்ன எல் போட்டு 100%ஃப்ரீ என்று கேட்பது. இருப்பதை எல்லாம் வாரிக்கொள்ளும். ஆனால் அதை ஒத்திகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிஜ சர்வரில் விஜி மொத்தத்தையும் முதல் நாளே கரைத்துவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பிறகு தேவைப்படும்போது எல்வியைப் பெரிதாக்க ஒரு வரி போதும்: எல்விஎக்ஸ்டெண்ட், சின்ன ஆர், பெரிய எல், பிளஸ் 10ஜி. அந்த ஆர் இருந்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். இல்லாவிட்டால் இட அளவைக் காட்டுகிற டிஎஃப் கட்டளை பழைய அளவையே காட்டும், நீங்கள் தலையைச் சொறிவீர்கள். சுருக்குவதுதான் பாடு. ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 வகை என்றால் அன்மவுண்ட் செய்தாக வேண்டும், அதாவது பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் சுருக்கிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்கவே இறங்காதீர்கள். எல்வியின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கிற ஸ்னாப்ஷாட்டுக்கும் விஜியில் மிச்சம் வைத்த காலி இடம்தான் வேண்டும். அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாமலே போய்விடும், போன வீடியோவில் பார்த்தோமே.

பிளஸ் என்றேன் இல்லையா, அதை விட்டால் 10ஜி என்பது மொத்த அளவாகிவிடும். ஏற்கெனவே 30 இருந்தால் எல்விஎக்ஸ்டெண்ட் முடியாது என்று மறுத்துவிடும், நல்ல பிள்ளை. எல்விரீசைஸ் அப்படி இல்லை, அது குறைக்கவும் செய்யும். எனக்கு அதைச் சுத்தமாகப் பிடிக்காது. கூட்ட ஒன்று, குறைக்க எல்விரெட்யூஸ் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும்போது, ரெண்டும் கெட்டான் கட்டளை எதற்கு?

இப்போது சந்தோஷம். பழைய டிஸ்க்கின் பெயர் எஸ்டிபி, புதியதன் பெயர் எஸ்டிசி. புதியதில் பிவிகிரியேட், அப்புறம் விஜிஎக்ஸ்டெண்ட் போட்டு அதே விஜியில் சேர்த்தேன். பிறகு பிவிமூவ் எஸ்டிபி எஸ்டிசி, என்டர். அவ்வளவுதான். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே தொட்டில் கயிற்றை மாற்றுகிற வேலை இது. டேட்டாபேஸ் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறது, அடியில் துண்டு துண்டாக எல்லாம் இடம் மாறுகிறது. சதவீதம் ஏறுவதைக் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்த்தேன், வெட்கமே இல்லை. நடுவில் கரண்ட் போனாலும் பயம் வேண்டாம். திரும்ப வந்ததும் வெறும் பிவிமூவ் என்று அடித்தால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

முடிந்ததும் பிவிஎஸ் போட்டு எஸ்டிபி முழுக்கக் காலியா என்று பாருங்கள். அப்புறம் விஜிரெட்யூஸ், பிவிரிமூவ், டிஸ்க்கைக் கழற்றலாம். சர்வர் கிளம்பும்போது எதை எங்கே இணைப்பது என்று சொல்கிற எஃப்எஸ்டேபில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை, ஏனென்றால் அங்கே இருப்பது எல்வியின் பெயர், டிஸ்க்கின் பெயர் இல்லை. எஸ்டிபி என்று நேராக எழுதி வைப்பவர்களே, கேட்கிறதா?

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். விஜிஎக்ஸ்டெண்டுக்கு முன்னால் எல்எஸ்பிஎல்கே ஹைஃபன் டி (ஆங்கிலச் சின்ன t) போட்டு இரண்டு டிஸ்க்கின் லாஜிக்கல் செக்டர் அளவையும், அதாவது டிஸ்க் இடத்தைப் பிரித்துக் காட்டுகிற மிகச் சின்ன அலகின் அளவை, பைட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று 512, இன்னொன்று 4096 என்றால் புது எல்விஎம் இரண்டையும் ஒரே விஜியில் சேர்க்க மறுத்துவிடும். எனக்கு இரண்டுமே 512, அதனால்தான் இந்த வீடியோ இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறது.