கோபியில் தோற்ற உணவு அமைச்சர்

அவைத் தலைவர் அவர்களே, உழவர் பெருமக்களே, வேளாண்மை பயிலும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

1967 பிப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தலில் கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில் நாட்டின் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சர் தோல்வியுற்றார். அரிசி கிடைக்கவில்லை என்ற கோபம் அந்தத் தேர்தலின் பெருங்காரணங்களுள் ஒன்று. பசிக்குப் பொறுப்பேற்க வேண்டிய துறையைத் தன் கையில் வைத்திருந்தவரை, அவர் பிறந்து வளர்ந்த கொங்கு மண்ணின் வாக்காளர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்தான் சி. சுப்பிரமணியம். பசுமைப் புரட்சியின் அரசியல் தலைவர் என்று இன்று பாடநூல்கள் கூறுகின்ற அதே மனிதர். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பொள்ளாச்சிக்கு அருகேயுள்ள செங்குட்டைப்பாளையத்தில், ஒரு வேளாண் குடும்பத்தில், 1910 ஜனவரி 30 அன்று அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுச் சட்டம் பயின்றார். இயற்பியல் படித்தவர் என்பதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். சோதனை, சான்று, முடிவு என்று எண்ணிப் பழகிய மனம் அவருடையது. பின்னால் அறிவியலாளர்களின் பேச்சை அவர் காதுகொடுத்துக் கேட்டதற்கு அது ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். விடுதலைப் போரில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952இல் இராஜாஜியின் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

இராஜாஜி பதவி விலகிய 1954இல் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குப் போட்டி வந்தது. இராஜாஜியின் ஆதரவாளர்கள் சுப்பிரமணியத்தை நிறுத்தினார்கள். காமராசருக்கு 93 வாக்குகள் கிடைத்தன, இவருக்கு 41. தோற்ற போட்டியாளரைக் காமராசர் ஒதுக்கிவிடவில்லை, தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். சேர்ந்தவரும் மனத்தில் கசப்பை வைத்துக்கொள்ளவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயரிட்டு எதிர்த்த இராஜாஜியின் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று அந்த ஆண்டு மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தவர், இராஜாஜியின் அணியிலிருந்து வந்த இந்தக் கல்வி அமைச்சர்தான். தொடர்ந்து 1962 வரை கல்வியும் நிதியும் அவர் பொறுப்பில் இருந்தன. பள்ளிகள் பெருகியதும் மதிய உணவு வந்ததும் காமராசர் காலத்துச் சாதனைகள் என்று சரியாகவே பேசுகிறோம்; அந்தச் செலவுக்கெல்லாம் கணக்குப் பார்த்து வழி செய்தவரின் பெயரையும் உடன் சொல்லிப் பழக வேண்டும். வரவு செலவுத் திட்டத்தை இந்த மாநிலத்தின் பேரவையில் முதன்முதலாகத் தமிழில் அளித்தவரும் அவரே.

1962இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குப் போனார். நேரு அவருக்கு எஃகுத் துறையை அளித்தார். 1964இல் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது, எவரும் விரும்பி ஏற்காத உணவு, வேளாண்மைத் துறை அவரிடம் வந்தது. அன்றைய நிலையை இன்றைய மாணவர்களுக்கு விளக்கிச் சொன்னால்தான் புரியும். அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்கீழ் வரும் கோதுமைக் கப்பல் துறைமுகத்தை அடைந்தால் நியாயவிலைக் கடையில் தானியம். கப்பல் தாமதமானால் வரிசையில் நிற்பவர் வெறும் பையோடு திரும்ப வேண்டியதுதான். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் மறு ஆண்டில் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தோம். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா என்ன பேசுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் கப்பல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். பிறரிடம் கையேந்தி நிற்கும் நாட்டுக்குச் சொந்தக் குரல் எங்கிருந்து வரும்?

சுப்பிரமணியத்தின் உண்மையான களப்போர் இங்கேதான் தொடங்கியது. அது வாக்குக் கேட்கும் போர் அன்று, வாதத்தால் நடத்திய போர். நம் பழைய கோதுமை வகைகள் நெட்டையானவை. உரத்தைக் கூட்டினால் தாள் உயர்ந்து, கதிர் கனத்ததும் பயிர் சாய்ந்துவிடும். போட்ட உரம் வீணாகும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை வகைகளோ உரத்தை ஏற்று, சாயாமல் நின்று, பன்மடங்கு மணி பிடித்தன. டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எம்.எஸ். சுவாமிநாதனும் அவருடைய தோழர்களும் இதைச் சோதித்து உறுதிப்படுத்தியிருந்தார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்து வரப்பைத் தாண்டி அந்த விதை வெளியே வரவில்லை. அதை வெளியே கொண்டுவரும் துணிவு ஓர் அமைச்சருக்கு வேண்டியிருந்தது.

எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. உரத்துக்கு அந்நியச் செலாவணியை இவ்வளவு செலவிட முடியாது என்றார் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. திட்டக்குழுவும் தயங்கியது. அந்நிய விதை நம் மண்ணில் புதுநோயைக் கொண்டுவரும் என்றார்கள் சிலர். தண்ணீர் வசதியுள்ள பெருவிவசாயிகள்தாம் பயன்பெறுவார்கள், ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடைவெளி விரியும் என்றார்கள் இடதுசாரிகள். இந்தக் கடைசி வாதத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். பஞ்சாபில் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போனதையும் மண் களைத்ததையும் பார்த்த பிறகு எவரும் ஒதுக்கக்கூடாது. ஆயினும் 1965இல் முடிவெடுக்க வேண்டியிருந்தவரின் முன்னால் இருந்தது பட்டினி. அன்று மாற்று வழி சொன்னவர்களில் எவரும் அடுத்த ஆண்டுக்கான தானியத்துக்கு வழி சொல்லவில்லை.

அவர் விதையோடு நின்றிருந்தால் தோற்றிருப்பார். விளைச்சலை உயர்த்துகிற உழவனுக்கு விலை உறுதி வேண்டும். இல்லையென்றால் களம் நிறைந்த ஆண்டிலேயே அவன் கடனாளியாவான். நம் கொங்குப் பகுதியில் மஞ்சளும் தக்காளியும் பயிரிடுவோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தது. 1965 ஜனவரியில் வேளாண் விலைக்குழு அமைந்தது. அதே மாதம் 14ஆம் நாள், பொங்கலன்று, தஞ்சாவூரில் இந்திய உணவுக் கழகம் தன் பணியைத் தொடங்கியது. ஒன்று விலையைப் பரிந்துரைக்கும், மற்றொன்று அந்த விலைக்குக் கொள்முதல் செய்யும். இன்றுவரை குறைந்தபட்ச ஆதரவு விலை என்று நாம் போராடுவதும் வாதாடுவதும் இந்த இரண்டின் மேல்தான். அதோடு, நிர்வாக அதிகாரிகளே தலைமை வகித்துவந்த இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் பொறுப்பில் பி.பி. பால் என்ற அறிவியலாளரை அமர்த்தினார். என் பார்வையில், விதை இறக்குமதிக்குச் சற்றும் குறையாத செயல் இது.

தம் டெல்லி இல்லத்தின் புல்தரையை உழுது அங்கேயே புதிய கோதுமையை விதைத்தார். நம்பாதவர்கள் வந்து கண்ணால் பார்க்கட்டும் என்ற எண்ணம். 1965இல் 250 டன் விதை வந்தது. 1966இல் 18,000 டன் வந்தது. அன்றுவரை எந்த நாடும் அவ்வளவு விதையை ஒரே நேரத்தில் இறக்குமதி செய்ததில்லை. சாஸ்திரி துணை நின்றார். அவர் மறைந்தபின் இந்திரா காந்தியும் துணை நின்றார்.

இதற்கிடையே 1965 ஜனவரி 26 வந்தது. இந்தி ஆட்சிமொழியாகும் நாள் என்பதால் தமிழ்நாடு கொதித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, தீக்குளித்து உயிர் நீத்தோரும் உண்டு. பிப்ரவரி 11 அன்று சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் அளித்தார்கள். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு அளித்த உறுதிமொழி காக்கப்படும் என்றார். அதன்பின் அவர்களின் விலகல் கைவிடப்பட்டது. காலம் கடந்து வந்த விலகல் என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனாலும் தாம் தொடங்கிய பெரும்பணி பாதியில் நிற்கும்போது பதவியைத் தூக்கி வைத்தவரை, மொழியைக் காட்டிக் கொடுத்தவர் என்று சொல்வது நேர்மையாகாது.

பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969இல் காங்கிரசு பிளந்தபோது காமராசரோடு போகாமல் இந்திராவோடு நின்றார். 1971இல் மீண்டும் மக்களவைக்கு வந்தார். 1974 முதல் 1977 வரை நிதியமைச்சர். நெருக்கடி நிலைக் காலம் முழுவதும் அந்தப் பதவியில் அவர் நீடித்தது என் மனத்துக்கு ஒவ்வாத பகுதி. மொழிக்காகக் கடிதம் எழுதிய கை, பத்திரிகைகள் வாயடைக்கப்பட்டபோது எழுதவில்லை. அவரை மதிக்கிறவன் என்பதாலேயே இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பின்னர் இந்திராவைப் பிரிந்தார், சரண்சிங் அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சர், மகாராட்டிர ஆளுநர், 1998இல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7 அன்று மறைந்தார்.

மீண்டும் 1967க்கு வருகிறேன். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று அண்ணாவின் இயக்கம் முழங்கியது. மொழிப்போரின் காயம் ஆறவில்லை. அந்தத் தேர்தலில் காமராசர் விருதுநகரில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசுக்கு மூன்றே மிஞ்சின. அந்த வெள்ளத்தில் கோபியும் போயிற்று. வாக்காளர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாதவளிடம் இரண்டு ஆண்டு பொறுத்திரு என்று எந்த வேட்பாளரால் கேட்க முடியும்? மெக்சிகோவிலிருந்து வந்த அந்த 18,000 டன் விதை, அவர் கோபியில் ஊர் ஊராக வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில், பஞ்சாபிலும் அரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் இடுப்பளவு பயிராக நின்றது. அதிலிருந்து எடுத்த விதை அடுத்த பருவத்தில் பரவலாக விதைக்கப்பட்டு, 1967-68இல் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 1.65 கோடி டன்னைத் தொட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நல்ல பருவத்தில்கூட அது 1.2 கோடி டன்தான். கிடங்குகள் போதாமல் வடநாட்டில் பள்ளிக்கூடங்களை மூடி, வகுப்பறைகளில் மூட்டைகளை அடுக்கினார்கள். 1968 சூலையில் கோதுமைப் புரட்சி என்று அஞ்சல் தலை வெளியிட்டார் பிரதமர். அந்த அறுவடை வந்தபோது சுப்பிரமணியம் மக்களவையில் இல்லை.