படையில்லாத மேஜர்: பத்தாவியாவின் கடைசிச் சீனத் தலைவர்

[காட்சி: ஜகார்த்தா, காஜா மாடா சாலை, சந்திர நாயா மாளிகை]

அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் இந்தச் சீன மாளிகையில்தான், பத்தாவியாவின் (டச்சு ஆட்சியில் ஜகார்த்தாவின் பெயர்) கடைசிச் சீன மேஜரான கௌ கிம் ஆன் வாழ்ந்தார். மேஜர் என்றாலும் அவருக்குக் கீழே ஒரு படைவீரர்கூட இல்லை. லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்பவை, டச்சுக் காலனி அரசு தன் குடிமை நிர்வாகத்தில் சீனத் தலைவர்களுக்கு அளித்த பதவிகள். (பினாங்கில் ஆங்கிலேயர் தென்னிந்திய முஸ்லிம்களுக்கும் இவ்வாறே ஒரு கேப்டனை ஏற்றனர், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர் நினைவாகவே நிற்கிறது.)

[காட்சி: பத்தாவியாவின் பழைய வரைபடம்]

1619இல் சூ பெங் கோங் முதல் கேப்டனாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவி எவ்வளவு ஆபத்தானது என்பதை 1740 காட்டியது. அவ்வாண்டு பத்தாவியாவில் சீனர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோது, தம் மக்களைக் காக்கும் அதிகாரம் ஏதும் இல்லாதிருந்த கேப்டன் நி ஹூ கோங் மீதே டச்சுக்காரர்கள் பழி சுமத்தி, அவரை அம்போன் தீவுக்கு நாடு கடத்தினர். பொறுப்பை முழுவதுமாகக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்ட அரசின் அநீதி இது என்றே சொல்ல வேண்டும்.

அதன்பின் உருவான கோங் கோவான் என்னும் சீன மன்றம், திருமணங்களைப் பதிவு செய்தது, மணமுறிவு, கடன் போன்ற வழக்குகளை விசாரித்தது, இடுகாடுகளைப் பராமரித்தது. பெரும்பாலும் ஊதியமில்லாத பணி என்பதால், வரிக் குத்தகையிலும் நிலத்திலும் செல்வம் சேர்த்த குடும்பங்களே தலைமுறை தலைமுறையாக இப்பதவிகளை வகித்தன.

[காட்சி: கௌ கிம் ஆன் உருவப்படம்]

அத்தகைய குடும்பத்தில் பிறந்த கௌ கிம் ஆன், 1905இல் லெப்டினன்டாகவும் 1908இல் கேப்டனாகவும் 1910இல் மேஜராகவும் உயர்ந்தார். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1900இல் தொடங்கிய தியோங் ஹோவா ஹுவே கோவான் சங்கம் சீனப் பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிகளைத் திறந்தது. அதன் தலைவர் போவா கெங் ஹெக், கௌ கிம் ஆனின் மாமனார். சீனர்கள் தங்கள் குடியிருப்பை விட்டு வெளியூர் செல்வதற்கே அனுமதிச்சீட்டு தேவைப்பட்ட ஆட்சியில், அதன் சீன அதிகாரிகளைச் 'சின் போ' நாளிதழும் இளைஞர்களும் அரசின் ஆட்களாகவே பார்த்தனர். அந்தக் கோபம் நியாயமானது. எனினும், விதவையின் சொத்து வழக்கையோ ஏழையின் அடக்கத்தையோ கவனிக்க அப்போது வேறு மன்றம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

1918இல் பதவியிலிருந்து விலகிய அவர், 1927இல் மீண்டும் மேஜரானார். 1942இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றி அவரைச் சிறையில் அடைத்தனர். 1945இல் முகாமிலேயே இறந்தார். கோங் கோவானின் கூட்டக் குறிப்புகளும் திருமணப் பதிவேடுகளும் இன்று நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.