மேசையில் சவர்க்காரம் வைக்காதீர்கள்

வணக்கம். எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று இங்கே வானொலி நிலையத்தில் கேட்டார்கள். கூட வேலை செய்கிற ஒருவரில் வேர்வை மணம் கூடுதலாக அடித்தால் அதை அவரிடம் சொல்வதா, விடுவதா என்பதைப் பற்றி என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அக்கா, கட்டாயம் கதையுங்கோ" என்றார்கள். எங்கே போய் இந்தப் பேச்சை எடுத்தாலும் இப்படித்தான், முதலில் ஒரு அமைதி, பிறகு ஆளுக்கொரு கதை.

நான் கிளிநொச்சிப் பக்கத்தில் உடுப்புத் தைக்கிற ஒரு கார்மென்ற் தொழிற்சாலையில் 11 வருடம் வேலை செய்தவள். முதலில் மெஷினில் இருந்தேன், பிறகு லைன் சூப்பர்வைசர். ஒரு லைனில் முப்பது பேர் வரை, முழங்கை முட்டுகிற தூரத்தில், வைகாசி வெக்கையில், ஃபான் காற்று சுற்றிச் சுற்றி ஒருவருடைய வேர்வையை மற்றவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடம். கந்தோரில் இருக்கிறவர்களுக்கும் பள்ளிக்கூட ஆசிரியர் அறைக்கும் வங்கிக் கவுண்டருக்கும் இது வேறு கதை இல்லை.

என்னுடைய பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டும். நீங்களே, தனியாக, வாய் திறந்து சொல்ல வேண்டும். இடையில் வந்து கேட்கிறவர்களும் இருப்பீர்கள், அதனால் இதைத் திரும்பவும் சொல்வேன், கோபிக்காதீர்கள்.

ஏன் சொல்ல வேண்டும் என்றால், அவருக்குத் தெரியாது. இதைத்தான் ஆட்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள், "அதெப்படித் தெரியாமல் இருக்கும்" என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாமல் இருந்தது. 2009 இல் நாங்கள் செட்டிகுளம் மனிக் பாமில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த முகாமில், இருந்தோம். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் கனபேர் அங்கே இருந்தவர்கள்தான், தண்ணீர் வரிசை எப்படி இருந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை. இருக்கிற ஒரு வாளியில் முழுகுவதா, உடுப்புத் தோய்ப்பதா, சமைப்பதா என்று கணக்குப் பார்த்த காலம். ஆனால் அந்த மாதங்களில் யாரிலாவது மணம் அடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அந்த வருடக் கடைசியில் வெளியே விட்டார்கள், வவுனியாவில் சின்னம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். கட்டிப் பிடித்து அழுதார். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, உன்னில மணக்குது. சுடுதண்ணி வைக்கிறன், முதல் முழுகு, பிறகு சாப்பிடுவம்" என்றார். கிணற்றடியில் மூன்று தரம் சவர்க்காரம் போட்டேன். மூன்றாவது தரம்தான் நுரை வெள்ளையாக வந்தது.

சின்னம்மா சொன்னது எனக்குச் சுட்டதா? சுட்டது. ஆனால் என்னைப் பிடித்திருந்த கையை அவர் எடுக்கவில்லை, மூக்கைச் சுளிக்கவில்லை, வேறு யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. அந்த வேளைக்கு எனக்குத் தேவையானது சுடுதண்ணீர், அதை வைத்துத் தந்தார்.

மூக்கின் சுபாவம் அது. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுக்காது. மாடு வளர்க்கிறவருக்குக் கொட்டில் மணம் தெரியாது, மற்ற வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு மணம் உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டு மணம் உங்களுக்குத் தெரியாது. சொந்த உடம்பு அதைவிடக் கிட்ட.

இனி அந்தப் பிள்ளையின் கதை. இதை நான் எங்கே பேசினாலும் சொல்கிறேன், இன்றைக்கும் சொல்லாமல் போக மாட்டேன்.

என்னுடைய லைனில், பூநகரிப் பக்கத்தில் இருந்து கம்பனி பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளை. இருபது வயதிருக்கும். கை வேகம், பிழையில்லாத தையல், வாய் திறந்தால் சிரிப்பு. அவளில் மணம் அடிக்கத் தொடங்கி இரண்டு கிழமை. எனக்குத் தெரியும். லைனில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து மெஷின் பிள்ளை கதிரையைத் தள்ளிப் போட்டாள், ஒருத்தி லேஞ்சியை மூக்கில் பிடித்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, யாராவது சொல்லுவார்கள் என்று நினைத்தேன். அவளுடைய சூப்பர்வைசர் நான், யாராவது சொல்லட்டும் என்று இருந்தேன்.

ஒரு புதன்கிழமை விடிய, அவளுடைய மெஷினில், நூல்கண்டுக்குப் பக்கத்தில், உறை பிரிக்காத ஒரு சவர்க்காரக் கட்டி. அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து லைன் முழுக்கப் பார்த்தாள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டியைப் பைக்குள் வைத்தாள். தேத்தண்ணி நேரத்துக்கு எழும்பி வரவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் அவள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனேன். பரந்தன் வீதியால் போய் உள்ளே திரும்ப வேண்டும். பூநகரித் தண்ணீர் உங்களுக்குத் தெரியும், கிணறு இருக்கிறது, தண்ணீர் உவர். சவர்க்காரம் நுரைக்காது, உடம்பில் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது, அது குடிக்கவும் சமைக்கவும். கொடியில் அவளுடைய வேலைச் சட்டை ஒன்றே ஒன்று தொங்கியது. கம்பனி தந்த இரண்டில் ஒன்று கிழிந்துவிட்டது, அடுத்தது வருடக் கடைசியில்தான் தருவார்களாம். ஒவ்வொரு நாளும் இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, அதைத் தோய்த்து, வீட்டுக்குள்ளே காயப்போட்டு, விடிய ஐந்து மணிக்கு அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். தாய் சொன்னார், "மிஸ், என்ர பிள்ளை ஒரு நாளும் குளிக்காமல் வாறதில்லை." உண்மைதான். ஈரம் வெயில் படாமல் மெதுவாகக் காய்ந்தால் துணியிலேயே கிருமி பெருகும், ஒரு வாசம் பிடிக்கும், அதற்கு மேலே வேர்வை பட்டால் சொல்லத் தேவையில்லை.

நான் அவளிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து அந்தச் சவர்க்காரத்தை என் கையில் வைத்தாள். உறை பிரிக்கவே இல்லை. "இதை ஆரிட்டத் திருப்பிக் குடுக்கிறது எண்டு தெரியேல்லை மிஸ்" என்றாள். "ரெண்டு கிழமையா ஏன் மிஸ் எனக்குச் சொல்லேல்லை?"

ஸ்ரோரில் கதைத்து இரண்டு புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தேன், பத்து நிமிட வேலை. அவள் திரும்பி வந்தாள், மணம் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பழைய கூட்டத்தோடு அவள் ஒரு நாளும் இருக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மேசையில் சவர்க்காரம் வைக்காதீர்கள். சென்ட் போத்தல் பரிசு கொடுக்காதீர்கள், யன்னலைத் திறந்து திறந்து மூடாதீர்கள், "இண்டைக்கு என்ன வெக்கை" என்று அவர் பக்கம் பார்த்து ஜாடை பேசாதீர்கள். மொட்டைக் கடிதமும் இதுதான், பெயர் தெரியாத வட்சப் மெசேஜும் இதுதான். வாயால் சொன்னால் ஒருவருக்குத்தான் தெரிந்தது என்று அவர் நினைக்கலாம். சவர்க்காரம் வைத்தால், எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கூடிக் கதைத்திருக்கிறார்கள், அவரோடு முகம் பார்த்துக் கதைக்க ஒருவரும் தயாரில்லை, இந்த மூன்றும் அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிடும்.

சரி, எப்படிச் சொல்வது. வேலை முடிகிற நேரத்தில் சொல்லுங்கள், விடிய சொன்னால் அந்த மனிதர் அன்று முழுக்கக் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்றால் நல்லது. நான் பிறகு சொன்ன ஆட்களிடம் இப்படித்தான் சொன்னேன்: "தங்கச்சி, சொல்லக் கஷ்டமான ஒரு விஷயம். ரெண்டு மூண்டு நாளா உன்னில வேர்வை மணம் கொஞ்சம் கூட இருக்கு. எங்கட மணம் எங்களுக்குத் தெரியாது, அதாலதான் நான் சொல்லுறன். தண்ணி, உடுப்பு ஏதும் கரைச்சலே?" அவ்வளவுதான். "எல்லாரும் கதைக்கினம்" என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். உண்மையாக இருந்தாலும் சேர்க்காதீர்கள்.

சொல்லும் முக்கியம். எங்கள் ஊரில் மணம் என்பது பொதுச்சொல், "நாறுது" என்று மனிதரைப் பார்த்துச் சொன்னால் அது ஏச்சு. இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் இருந்து வருகிற ஒரு பிள்ளையிடம் "வெடுக்கு மணம்", அதாவது மீன் மணம், என்று சொன்னால் அது வேர்வையைப் பற்றிய பேச்சாக நிற்காது, அவளுடைய ஊரை, தகப்பனின் தொழிலை, சாதியைத் தொட்டுவிடும். தொழிலையும் ஊரையும் சாப்பாட்டையும் இந்தப் பேச்சுக்குள் கொண்டுவரவே கூடாது. அப்படிப்பட்ட நினைப்பு உங்கள் மனதில் கொஞ்சமாவது இருந்தால் நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள், வேறு ஒருவர் சொல்லட்டும்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், தைத்துப் பிழைத்தவள் நான். வேர்வைக்குத் தன்பாட்டில் பெரிதாக மணம் கிடையாது. கமக்கட்டில் சுரக்கிற வேர்வை கொஞ்சம் தடிப்பானது, தோலில் இருக்கிற கிருமிகள் அதைச் சாப்பிட்டு உடைக்கும்போதுதான் மணம் வருகிறது. பொலியெஸ்டர் துணி வேர்வைத் தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், தோய்த்தாலும் லேசில் விடாது. பருத்தி பரவாயில்லை. எங்களுடைய வெயிலுக்கு சில கம்பனிகள் பொலியெஸ்டர் சீருடை கொடுக்கின்றன, பிறகு பிள்ளைகளில் மணம் என்று குறை சொல்கிறார்கள், இது எனக்கு இன்றுவரைக்கும் ஆறாத கோபம். கமக்கட்டுப் பக்கத்தை வினாகிரி கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் தோயுங்கள், உட்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். கடையில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டியோடரன்ட் மணத்தைத்தான் குறைக்கும், வேர்வையையே குறைக்கிறது அலுமினிய உப்புப் போட்ட மற்ற வகை, அதை இரவில், காய்ந்த தோலில் பூசினால் நன்றாக வேலை செய்யும். குளித்துவிட்டு ஈரத்தோடு அவசரமாகப் பூசிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். வருத்தங்களைப் பற்றி ஆறுதலாகப் பேச இருந்தேன், அவசரமாகவாவது சொல்லிவிடுகிறேன். சுத்தமாக இருக்கிற ஒருவரில் திடீரென்று மணம் மாறினால் சவர்க்காரத்தை விட்டுவிட்டு கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். சீனி வருத்தம் கட்டுப்பாடில்லாமல் ஏறினால் மூச்சில் பழம் அழுகின மாதிரி ஒரு வாசம் வரும், அது அவசரம், உடனே ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பழுதானால் மூச்சில் அமோனியா மணம் வரலாம், வவுனியாப் பக்கத்தில் கனபேருக்கு அந்த வருத்தம் இருக்கிறது, அங்கத்தைய ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதவிடாய் நிற்கிற வயதிலும், தைரொயிட் கூடுதலாகச் சுரந்தாலும், சில மருந்துகளிலும் வேர்வை கூடும். பிறவியிலேயே மீன் மணம் போல வருகிற ஒரு குறைபாடும் இருக்கிறது, அரிது, ஆனால் எத்தனை தரம் முழுகினாலும் அது போகாது, அப்படிப்பட்டவரைப் போய் ஊத்தை என்று சொன்னால் எவ்வளவு பாவம்.

உங்களிடம் யாராவது வந்து சொன்னால் என்ன செய்வது என்பதும் இருந்தது, அதற்கு நேரமில்லை. "சரி அக்கா" என்று சொல்லுங்கள், போதும். அன்றைக்கு வீட்டுக்குப் போய், தோய்த்துக் காய்ந்த சட்டை ஒன்றை எடுத்து கமக்கட்டுப் பக்கத்தில் சூடாக அயன்பெட்டியை ஒருக்கால் அழுத்தி, எடுத்த கையோடு மணந்து பாருங்கள். துணியில் பழைய வேர்வை நின்றால் அந்தச் சூட்டில் எழும்பி வரும். வணக்கம்.