சிவப்புத் துணி கட்டிய கிர்கிஸ் பெண்

கேமராவைக் கொஞ்சம் திருப்புகிறேன், பின்னால் லேப்டாப்பில் படம் தெரிகிறதா? தலையில் சிவப்புத் துணி, கையில் புத்தகங்கள், விறுவிறுவென்று நடந்து போகிறாளே ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், இன்றைக்கு இவள் கதைதான். 'சோவியத் கிர்கிஸியாவின் மகள்' (கிர்கிஸியா என்றால் இன்றைய கிர்கிஸ்தான்), 1948, வரைந்தவர் செம்யோன் சுய்கோவ். அசல் ஓவியம் மாஸ்கோவில், திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அடிவானம் எவ்வளவு கீழே இருக்கிறது பாருங்கள். அதனால்தான் இந்தச் சின்னப் பெண் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி தோன்றுகிறது. சிரிக்கவும் இல்லை, நம் பக்கம் திரும்பவும் இல்லை. சோவியத் சுவரொட்டி என்றால் பல் தெரியச் சிரிக்கும் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும், இவள் என்னவோ 'நேரமாச்சு, வழி விடு' என்று போகிறாள்!

சுய்கோவ் ரஷ்யர்தான், ஆனால் 1902இல் பிறந்தது பிஷ்பெக்கில், அதாவது பிற்காலத்து ஃப்ரூன்ஸே, இன்றைய கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக். அந்த ஊர் வெயிலை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, இது பிரசாரமா? ஆமாம், பிரசாரம்தான், தலைப்பே சொல்லிவிடுகிறதே. 'கிர்கிஸ் கூட்டுப்பண்ணைத் தொகுப்பு' என்று அவர் வரைந்த வரிசையில் இதுவும் ஒன்று, அதற்கு 1949இல் ஸ்டாலின் பரிசும் கிடைத்தது. மந்தையோடு மலை மலையாகச் சுற்றிய மக்களை 1930களில் கட்டாயப்படுத்தி ஒரே இடத்தில் உட்கார வைத்ததும், அவர்களுடைய ஆடு மாடுகளைக் கூட்டுப்பண்ணைக்கு எடுத்துக்கொண்டதும் இந்தப் படத்தில் எங்கேயும் கிடையாது.

என் கண் திரும்பத் திரும்பப் போவது அந்தப் புத்தகங்களுக்குத்தான். கிர்கிஸ் மொழியை 1920களில் அரபு எழுத்தில் எழுதினார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லத்தீனுக்கு மாற்றினார்கள், அப்புறம் 1940களின் தொடக்கத்தில் அதையும் தூக்கிப்போட்டுவிட்டு சிரிலிக், அதாவது ரஷ்ய மொழி எழுதுகிற எழுத்து. அக்கா படித்து முடித்த புத்தகத்தைத் தங்கை வாங்கிக்கொள்வது நம் வீடுகளில் சாதாரணம் இல்லையா? இவளுக்கு ஓர் அக்கா இருந்து, அவள் லத்தீன் எழுத்தில் படித்திருந்தால், அந்தப் புத்தகம் இவள் பள்ளிக்கூடத்தில் எதற்கும் ஆகாது. அப்பா அரபு எழுத்தில் மட்டும் படித்தவராக இருந்தால் இவளுடைய நோட்டில் ஒரு வரிகூட அவருக்குப் புரியாது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும்.

அப்புறம், இதே சுய்கோவ் 1950களில் இந்தியாவுக்கும் வந்து நிறைய வரைந்திருக்கிறார். அந்தப் படங்கள் அடுத்த வீடியோவில்.